வைகாசியில் விட்டுப்போன பதினான்கு நாள்

கப்பலின் விலாவில் போடுகிற கோட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் நானும் என் கணவரும் பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. கோயிலில் தேங்காய் உடைகிற சத்தத்துக்கு நடுவே அவர் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் வாசிப்பார். நான் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்து, சரியென்று பட்டால் எழுதுவேன்.

அவர் திருவனந்தபுரத்திலேயே பிறந்து மலையாளமும் இங்கிலீஷும் படித்தவர். தமிழ் பேசுவார், எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். நான் நாகர்கோவிலில் தமிழும் இங்கிலீஷும் சொல்லித்தந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்தவள். சமஸ்தானத்துத் துறைமுகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸில் அவருக்குக் குமாஸ்தா வேலை. அப்போது பல தேசத்தாரும் லண்டனில் கூடி, கடலில் போகிறவர்களின் உயிரைக் காக்க ஒப்பந்தங்கள் எழுதியிருந்தார்கள். கப்பலில் இத்தனை பேர் என்றால் இத்தனை பேருக்கும் படகில் இடம் இருக்க வேண்டும், ஆளுக்கொரு மிதவை வேண்டும், இந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறும்படி சரக்கு ஏற்றக்கூடாது என்றெல்லாம். இங்கிலீஷ் சர்க்கார் அதற்கேற்பத் தங்கள் கப்பல் சட்டத்தைத் திருத்தவும், நம் சமஸ்தானமும் வலியதுறைக்கும் குளச்சலுக்கும் வந்துபோகும் தோணிகளுக்கு விதிகள் எழுதத் தொடங்கியது. தூத்துக்குடிப் பக்கத்துத் தோணிக்காரர்களுக்கு மலையாளம் வாசிக்க வராது. ஆகையால் விதிகளைத் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று உத்தரவு. தமிழ் தெரிந்த குமாஸ்தா ஆபீஸில் இல்லை. அவர் காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்படிக் கொண்டுவரக்கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பாரக்கோடுன்னு எழுதலாமா?" என்றேன்.

"பாரக்கோடா? சுமட்டுக்காரன் அவன் தலையில சும்மாடு வைக்குற இடம்னு நினைச்சிருவான்."

"நினைக்கட்டும். அவனும் உயிரோட இருக்கட்டும்."

அவர் சிரித்தார். பாரக்கோடு என்றே எழுதினேன்.

நான் அப்போது முழுகாமல் இருந்தேன். ஆளுக்கொரு மிதவை என்ற விதி வந்தபோது பேனாவை வைத்துவிட்டேன். "கைப்பிள்ளையை ஆளுன்னு எண்ணுவாங்களா?" என்று கேட்டேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் அந்தக் கேள்வியைத் தன் கேள்விபோல மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். 'ஒக்கலில் இருக்கும் குழந்தையும் ஓர் ஆளே' என்று ஒரு வரி விதியில் சேர்ந்தது. சர்க்கார் காகிதத்தில் என்னுடையது என்று சொல்ல எனக்கு இருப்பது அந்த ஒரு வரி. அதன் பெருமையில் ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

எட்டாம் மாதம் என்னைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வண்டி வருகிற காலையிலும் அவர் கடைசிக் காகிதம் ஒன்றை நீட்டினார். அது ஒரு பட்டியல். இடுப்பு நோகிறது என்று முனகிக்கொண்டே பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்பது வண்டி கரமனை தாண்டும் முன்பே மறந்துபோயிற்று.

பெண் குழந்தை பிறந்தது. ஜூன் நாலாம் தேதி, வைகாசி இருபத்தொன்று. வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு பெய்த நாள். குழந்தை சவலையாக இருந்தது. பால் குடித்ததா, மூச்சு விடுகிறதா என்று நான் தூக்கத்திலும் கையால் தடவிப் பார்ப்பேன். ஐந்து மாதம் கழித்துத்தான் திருவனந்தபுரம் திரும்பினேன்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, பேனாவும் மைக்கூடும் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, காகிதம் ஒண்ணும் இல்லியா?"

"அதுக்கு இப்பம் ஆபீஸ்லயே ஆளு போட்டாச்சு. உனக்கு எழுதலியா நான்? உங்க ஊருக்காரிதான். பி.ஏ. பாஸானவ. உன் பள்ளிக்கூடத்துல உனக்கு மூணு கிளாஸ் கீழ படிச்சாளாம். உன்னைத் தெரியும்னு சொன்னா."

எனக்கு அவளைத் தெரியவில்லை. கீழ் வகுப்புப் பிள்ளைகளை யார் கவனித்தார்கள்? ஆனால் அன்று முதல் அவளைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அவர் மறைத்து வைக்கிற மனிதர் அல்ல. மறைத்திருந்தால்கூட நான் இவ்வளவு வெந்திருக்கமாட்டேன். ஆபீஸிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லுவார். அவள் வலியதுறைக்குப் போய்த் தோணிக்காரர்களிடமே கேட்டாளாம், அந்தக் கோட்டை நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று. நனைகோடு என்றார்களாம். பாரக்கோடு என்று இருந்த இடத்திலெல்லாம் நனைகோடு என்று மாற்றிவிட்டாள்.

"நல்ல வார்த்தை பாத்தியா? எடுத்த எடுப்புல புரியுது," என்றார்.

நல்ல வார்த்தைதான். என் வார்த்தையைவிட நல்லது. அதனால்தான் அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டேன்.

தோணியின் நனைகோட்டை அளக்க அவள் மேலதிகாரியோடு படகில் ஏறினாளாம். அலையடித்துப் புடவை நனைந்தும் டேப்பை விடவில்லையாம். சர்க்கார் தமிழ் எல்லாம் சாவு ஓலை மாதிரி இருக்கிறது என்றாளாம். இதைச் சொல்லி அவர் சிரித்தார். நான் எழுதியதும் அந்தத் தமிழில் சேர்த்தியா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அவர் சட்டையை வெளுக்கப் போடும்போது பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. 'மிதவை - பத்து - தக்கையா, சுரையா?' என்று பெண்ணின் கையெழுத்து. எழுத்து ஒவ்வொன்றும் கோத்த முத்துப்போல இருந்தது. அதைக் கசக்கவும் மனமில்லாமல் திருப்பிக் கொடுக்கவும் மனமில்லாமல் அரிசிப் பானையின் அடியில் வைத்தேன். இரண்டு நாள் ஆபீஸில் அதைத் தேடினார்களாம்.

ஒருமுறை அவள் வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்கு மரக் கிலுகிலுப்பை வாங்கி வந்திருந்தாள். கறுப்பாக, உயரமாக, எண்ணெய் தேய்த்து இழுத்து வாரிய தலையோடு, அழகி என்று சொல்ல முடியாதபடி இருந்தாள். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் உட்கார்ந்த ஐந்தாம் நிமிஷம் அவரும் அவளும் காவல் படகுக்கு எத்தனை துடுப்பு என்று வாதாடத் தொடங்கினார்கள். அவர் என்னிடம் அப்படி வாதாடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இப்போது என்னோடு அவர் பேசுவதெல்லாம் குழந்தைக்கு வயிறு எப்படி, கிரைப் வாட்டர் இருக்கிறதா என்பதுதான்.

போகும்போது, "அக்கா, நீங்க பள்ளிக்கூடத்துல பரிசளிப்புல பேசினது எனக்கு இப்பமும் ஞாபகம் இருக்கு. நான் முன்வரிசையில தரையில இருந்தேன்," என்றாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்றேன். பொய். ஒரு வரி விடாமல் ஞாபகம் இருந்தது.

சித்திரை கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவர் அச்சாபீஸிலிருந்து வந்த புரூப் காகிதங்களோடு வந்தார். மழைக்கு முன்பு தோணிகள் கடைசி நடை போகிற சமயம். அதற்குள் விளம்பரம் துறைகளில் ஒட்டப்பட வேண்டும்.

"நீயும் ஒரு தடவை கண்ணோட்டிரு. எனக்குத் தமிழ் அச்செழுத்தைப் பாத்தா ஊறுற எறும்பு மாதிரி இருக்கு," என்றார். பிறகு சொன்னார்: "அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல்ல. இது நல்லபடியா முடிஞ்சா நிரந்தரமாக்கித் தாறேன்னு ஆபீஸ் பெரியவர் சொல்லியிருக்கார். தப்பு வந்துதோ, வீட்டுக்குப் போகச் சொல்லிருவார். பெண்ணுக்கு எதுக்கு இந்த உத்தியோகம்னு கேக்க ஆபீஸ்ல நாலு பேரு காத்திருக்கான்."

அவர் குளிக்கப் போனார். நான் பென்சிலோடு உட்கார்ந்தேன். குற்றம் கண்டுபிடிக்கவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், அதை மறைக்கவில்லை. நனைகோடு, நனைகோடு என்று பக்கமெல்லாம் அவள் வார்த்தை. தோணியின் விலாவில் இரண்டு கோடுகள் போட வேண்டும். நல்ல காலத்தில் மேல்கோடு வரை தண்ணீர் ஏறலாம். மழைக்காலத்தில் கீழ்க்கோடே நனையக்கூடாது; அதாவது பாதிச் சரக்குத்தான் ஏற்றலாம். மழைக்காலம் என்பது இங்கிலீஷ் விதிப்படி ஜூன் முதல் தேதி தொடங்கி ஆகஸ்ட் முடிய. அதற்கு நேரே தமிழில் 'ஆனி முதல் தேதி தொடங்கி ஆவணி முடிய' என்று அச்சாகியிருந்தது.

என் பென்சில் நின்றது. என் பெண் ஜூன் நாலாம் தேதி பிறந்தவள், வைகாசிப் பிள்ளை. அவள் பிறந்து பதினோரு நாள் கழித்துத்தான் ஆனியே பிறந்தது. அடுத்த மாதம் வரும் முதல் ஆண்டு நிறைவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஜூன் முதல் தேதி என்றால் வைகாசி பதினெட்டு. தமிழ் விளம்பரத்தை நம்புகிறவன் அதற்குப் பிறகும் பதினான்கு நாள் மேல்கோடு வரை சரக்கு ஏற்றுவான். இடவப்பாதி உடைகிற அதே பதினான்கு நாள். மலையாளப் படியை எடுத்துப் பார்த்தேன். அதில் இடவம், அதாவது மலையாளத்து வைகாசி, பதினெட்டு என்று சரியாக இருந்தது. அது வேறொரு குமாஸ்தா பஞ்சாங்கம் பார்த்து எழுதியது.

ஆனி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறி போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பி.ஏ. பாஸானவள், அலையில் நனைந்தும் டேப்பை விடாதவள். அவளுக்கு மாதம் எண்ணத் தெரியவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத்தான் மாதம் தெரியும் என்று ஒரு நினைப்பு, இனிப்பைப்போல நாக்கில் கரைந்தது. பிறகு ரப்பரை எடுத்துக் குறியை அழித்தேன்.

அவர் வந்து, "எப்படி இருக்கு?" என்றார்.

"அச்சு தெளிவா இருக்கு," என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவர் கையெழுத்துப் போட்டுப் புரூப் திரும்பிப் போயிற்று. அன்று பகல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் என்னோடு வழக்காடினேன். அச்சாபீஸில் யாராவது பார்ப்பார்கள். பெரியவர் பார்ப்பார். நான் சொன்னால் இவர் அவளிடமே போய்த் திருத்தச் சொல்லுவார். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துத் திருத்துவார்கள். சொல்லாவிட்டால்? யாருக்கும் ஒன்றும் ஆகாது, மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நாளைக்குச் சொல்லலாம். புதன்கிழமை மாலை அவர் சொன்னார்: "குளச்சலுக்கு ஒரு கட்டு இன்னிக்கே பஸ்ஸுல அனுப்பியாச்சு. அங்கேருந்துதான் முதல்ல தோணி கிளம்பும்." அப்போதாவது சொல்லியிருக்கலாம். இனி சொன்னால் இரண்டு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பேசாமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை, ஆண்டு நிறைவுக்கு நட்சத்திரம் பார்ப்பதற்காகக் குழந்தையின் ஜாதகக் குறிப்பைப் பெட்டியில் தேடினேன். பிரசவத்துக்குப் போகும் முன்பு நாங்கள் எழுதிய நகல்கள் அடியில் கிடந்தன. மேலாக இருந்தது ஒரு பட்டியல். என் கையெழுத்து. ஜனவரி - தை, பிப்ரவரி - மாசி என்று போய், ஜூன் - ஆனி. அடியில், 'ஆனி முதல் தேதி தொடங்கி ஆவணி முடிய.'

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் அதை ராகம்போட்டுச் சொல்லவைப்பார்கள். தை ஜனவரி, மாசி பிப்ரவரி. இரண்டும் ஒரே நாளில் பிறப்பதில்லை என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. இடுப்பு வலியோடு, வண்டி வாசலில் நிற்க, நான் அந்தப் பாட்டைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவே அப்படியே விளம்பரத்தில் ஏறியிருக்கிறது.

குழந்தை தவழ்ந்து வந்து காகிதத்தின் ஓரத்தைத் தின்றது.

அன்று அவர் வந்ததும் சொன்னேன். பட்டியலையும் காட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார்.

"இத எப்பம் பாத்தே?"

"இப்பதான். ஜாதகம் தேடினேன், கிடைச்சுது."

அவர் அதை நம்பினார். "செரி. நீ எழுதினதுன்னு வெளிய தெரியண்டாம். காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்னு ஆகும். தப்பு இருக்குன்னு மட்டும் சொல்லுகேன்."

சனிக்கிழமை அவர் அப்படியே சொன்னார். தமிழுக்குப் பொறுப்பு யார் என்று பெரியவர் கேட்டிருக்கிறார். அவள் எழுந்து நின்று, நான்தான் என்றாளாம். வேறொரு வார்த்தை சொல்லவில்லையாம். அது யார் எழுதிய பட்டியல் என்பது அவர் முன்பே சொல்லி அவளுக்குத் தெரியும். நிரந்தரம் ஆக்குவது மழைக்காலம் முடிந்து பார்க்கலாம் என்று ஆயிற்று. மிச்சமிருக்கிற படிகளிலெல்லாம் 'வைகாசி பதினெட்டு' என்று துண்டுக் காகிதம் ஒட்ட வேண்டும். குளச்சலுக்குத் துண்டுகளைத் தபாலில் அனுப்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டுகிற வேலை எங்கள் வீட்டில் நடந்தது. அவள் வந்தாள். நான் மைதாப் பசை காய்ச்சினேன். அவர் துண்டுகளை வெட்ட, நான் பசை தடவ, அவள் ஒட்டினாள். குழந்தை நேராக அவள் மடியில் போய் ஏறிக்கொண்டது. என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள இது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டும் குழந்தையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "அக்கா, திங்கக்கிழமை புரூப்புல அந்த வரிக்குப் பக்கத்துல ரப்பர் வச்சு அழிச்ச தடம் கெடந்துது."

நான் பசையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

"எனக்கும் அந்த எடத்துல ஒரு சந்தேகம் இருந்துது. ஆனா அந்தத் தடத்தைப் பாத்ததும், அக்கா பாத்து, யோசிச்சு, செரின்னுதான் விட்டிருக்காங்கன்னு நானும் விட்டுட்டேன். நாமெல்லாம் ஒரே டீச்சர்கிட்ட மாசம் படிச்சவங்க இல்லியா." சிரித்தாள்.

அவள் உண்மையாகவே அப்படி நினைத்தாளா, எல்லாம் தெரிந்து எனக்கொரு வழி விட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பை எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் ஒருமாதிரி இருக்கும், மறுநாள் வேறுமாதிரி இருக்கும்.

"பிள்ளைக்குச் சுகமில்லாம இருந்துது. நான் செரியா பாக்கல்ல," என்றேன். அவர் செம்போடு திரும்பி வந்தார். அவள் பேச்சை மாற்றி, "சார், துண்டைக் கோணலா வெட்டாதிங்க, பெரியவரு கோட்டை அளக்கச் சொல்லுவாரு," என்றாள்.

அந்த வருஷம் மழை பிந்தவில்லை. வைகாசி இருபத்தொன்று, குழந்தை பிறந்த தேதி, மூன்றாம் நாளாக மழை. நட்சத்திரத்தை ஒட்டிய ஆயுஷ்ஹோமம் முன்பே முடிந்திருந்தது. என்றாலும் இங்கிலீஷ் தேதிக்கும் ஒரு பாயசம் வைத்தேன். இலை போட்டுக் காத்திருந்தேன். அவர் நனைந்துகொண்டு வந்து வாசலிலேயே நின்றார்.

"குளச்சல்லேருந்து ஓடு ஏத்தின தோணி. வலியதுறைக்கு எதிர பிடிச்சுது காத்து. பாதி ஓட்டையும் கடல்ல தள்ளித்தான் கரை வந்திருக்காங்க. ஆளு ஆறு பேருக்கும் உசிரு இருக்கு. ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சு போச்சு."

"மேல்கோடு வரைக்கும் ஏத்தினாங்களா?"

"அதுக்கு மேலயும் ஒரு விரல். தோணி ஓட்டுற தண்டல்கிட்ட பெரியவர் கத்தினார். அவன் சொல்லுகான், ஆனி பொறக்க இன்னும் பத்து நாள் கெடக்கே எஜமானே, நோட்டீஸ்ல அப்படித்தானே போட்டிருக்குன்னு. குளச்சல்ல துண்டு ஒட்டவே இல்ல. தபால் போறதுக்கு முன்னாலயே நோட்டீஸைத் துறையில ஒட்டி, தண்டலுகளுக்கும் கையில குடுத்தாச்சாம்."

புதன்கிழமை போன கட்டு. திங்கட்கிழமை நான் வாய் திறந்திருந்தால் போகாத கட்டு.

பாயசம் இலையில் ஆறிக்கொண்டிருந்தது. கை ஒடிந்தவனுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

விசாரணை வந்தது. பிழை எப்படி நேர்ந்தது, முதலில் யார் எப்போது கண்டது என்று எழுத்தில் பதில் வேண்டும். அவர் 'வெள்ளிக்கிழமை, என்னால்' என்று எழுதிவைத்திருந்தார். அவள், ஒத்துப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு, தவறிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

"அவளுக்கு இனி அங்க இடமில்ல. மாசக் கடைசியோட போகச் சொல்லுவாங்க. ஊருக்குப் போயி என்ன செய்வாளோ. அப்பா இல்ல, இவ சம்பாத்தியத்துலதான் தம்பி படிக்கான்." சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். குரலில் ஒரு வருத்தம் இருந்தது. அந்த வருத்தம்கூட எனக்குப் பொறுக்கவில்லை. நான் போவதானால் இவர் குரல் இப்படி ஆகுமா என்று நினைத்துப் பார்த்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, குழந்தை தூங்கும்போது, பழைய பேனாவை எடுத்தேன். பட்டியல் எழுதியது நான். பிழையைத் திங்கட்கிழமையே கண்டதும் நான். குறி போட்டு அழித்ததும் நான். சொல்லாமல் இருந்தது வேண்டுமென்றே. அந்தப் பெண்ணின் மீது குற்றம் இல்லை. இவ்வளவுதான் எழுதினேன். ஏன் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவர் நின்றபடியே வாசித்தார். இரண்டாம் தடவை உட்கார்ந்து வாசித்தார்.

"திங்கக்கிழமையா?"

"ஆமா."

"என்கிட்ட அச்சு தெளிவா இருக்குன்னு சொன்னே."

"அச்சு தெளிவாத்தான் இருந்துது."

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அவர் காது சிவந்துபோயிற்று.

"இத நான் கொண்டுபோனா என் வேலைக்கு என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"பின்னே?"

"அவ போகண்டாம்."

காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, குடையை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

அவர் வேலை போகவில்லை. ஆபீஸ் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனதற்காகக் கண்டித்து, கடலே இல்லாத இடத்துக்கு மாற்றினார்கள். பொன்முடி போகிற வழியில் வித்துரா. சந்தை நாளில் மிளகும் இஞ்சியும் வந்து இறங்கும். மற்ற நாளில் மழையும் அட்டையும்தான். இங்கே வந்து நாலு வருஷமாகிறது. குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள், மலையாளம்தான் பேசுகிறாள். கல்லாற்றில் தண்ணீர் ஏறியது என்று யாராவது சொன்னால் நான் அவளை வாசலுக்குக்கூட விடுவதில்லை.

அவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. நாங்கள் கிளம்பும் முன்தினம் வந்து, அச்சான விதிப் புத்தகத்தின் ஒரு படியைக் கொடுத்தாள். 'ஒக்கலில் இருக்கும் குழந்தையும் ஓர் ஆளே' என்ற வரியின் கீழ் மெல்லிசாகக் கோடிட்டிருந்தாள். "இது யாரு வரின்னு எனக்குத் தெரியும் அக்கா," என்றாள். நன்றி என்று சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை.

நான் செய்தது சரிதானே என்று சில நாள் நிம்மதியாக இருக்கும். பிறகு இன்னொன்று தோன்றும். அந்தக் காகிதத்தை எழுதியதால் அவளுக்கு வேலை மிஞ்சியது, உண்மை. அதே காகிதத்தால் அவர் அந்த ஆபீஸிலிருந்து, அவள் மேஜைக்கு எதிர் மேஜையிலிருந்து, இருபத்தைந்து கல் தள்ளி வந்தார், அதுவும் உண்மை. எழுதும்போது இது எனக்குத் தெரியாமலா இருந்தது? மாற்றுவார்கள் என்று தெரியாது என்று சத்தியம் செய்யலாம். விரும்பவே இல்லை என்று செய்ய முடியவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. அதே முத்துக் கையெழுத்து. அவர் பெயருக்குத்தான் வந்தது, நான் பிரித்தேன். காயலில் ஓடுகிற பயணிப் படகுகளுக்குப் புது விதிகள் எழுதப்போகிறார்களாம். கைப்பிள்ளையை எண்ணுவதைப்பற்றி அக்காவின் யோசனை வேண்டும், சாரும் அக்காவும் பார்த்துச் சீக்கிரம் பதில் போடவேண்டும், விதி முடிவாவதற்குள் சேர்க்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாள். தமிழ் நகலும் கூட இருக்கிறது. முதலில் சார், பிறகு அக்கா. அந்த வரிசையை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்லமாட்டேன்.

கடிதத்தை அரிசிப் பானையின் அடியில் வைத்திருக்கிறேன். இன்று புதன்கிழமை.

நகலின் இரண்டாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. பன்னிரண்டு ஆளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற இடத்தில் படகுக்காரனையும் துடுப்புக்காரனையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று இல்லை. மழைக்காலத்தில் படகு கவிழ அந்த இரண்டு பேருடைய எடை போதும்.

நாலு மணி ஆகப்போகிறது. அவர் வருகிற நேரம். பானையை நகர்த்திக் கடிதத்தையும் நகலையும் எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் குறி போட்டு, அவருடைய காப்பி டம்ளருக்குக் கீழே வைத்திருக்கிறேன். திங்கட்கிழமையே வந்தது என்பதையும் சொல்லவேண்டும். டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருக்கக்கூடாது.